கலோரிக் கணக்கு மட்டும் வைத்து எடை குறைத்தேன். ரொட்டியும் தேத்தண்ணியும் விடவில்லை

கொட்டகலை மழை · ஞாயிறு, இரவு 8.40

எடை குறைப்பது பற்றி யார் கேட்டாலும் இங்கே துண்டு துண்டாகப் பதில் எழுதி வந்தேன். இந்த முறை முழுதாக எழுதிவிடுகிறேன்.

எனக்கு 38 வயது, உயரம் 155 சென்டிமீற்றர். பாடசாலையில் படிப்பிக்கிறேன். தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை நிறுத்துப் பார்த்தபோது 74 கிலோ. இன்று காலை 65.5. பத்து மாதம் எடுத்தது.

இதற்கு முன் ஏழெட்டு வருடமாக நான் செய்து பார்க்காதது இல்லை. வெறும் வயிற்றில் தேனும் தேசிக்காயும், கொள்ளுக் கஞ்சி, இரவில் சோறு இல்லை, பிறகு மூன்று கிழமை சோறே இல்லை, யாரோ சொல்லி வாங்கிய மூலிகைப் பொடி. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கிலோ இறங்கும். தீபாவளி வரும். திரும்ப ஏறிவிடும். ஒவ்வொன்றுக்கும் பத்துச் சட்டம் இருந்தது. எந்தச் சட்டத்தால் இறங்கியது என்று எனக்கே தெரியாது. இந்த முறை எல்லாவற்றையும் தூக்கி வைத்துவிட்டு ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்: ஒரு நாளில் உள்ளே போகும் கலோரி எவ்வளவு?

ஒரு சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு கொப்பி. அவ்வளவுதான். முதல் கிழமை எதையும் குறைக்கவில்லை. வழக்கம்போல் சாப்பிட்டு, நிறுத்து, எழுதினேன். அந்த ஒரு கிழமைதான் எனக்குக் கண்ணைத் திறந்தது.

தேத்தண்ணியைச் சொல்கிறேன். நம் குளிருக்கு ஒரு நாளைக்கு ஆறு கோப்பை. வீட்டுக் கரண்டியில் அள்ளும் சீனியைத் தராசில் கொட்டினேன். மட்டமாக அள்ளினால் 4 கிராம். நான் அள்ளுவது குவியல், 7 கிராம் காட்டியது. நம்பாமல் மூன்று தரம் அள்ளிப் பார்த்தேன். 7, 8, 7. கோப்பைக்கு இரண்டு கரண்டி, ஆறு கோப்பை: 84 கிராம் சீனி. கிராமுக்கு 4 கலோரி, ஆக 336. சீனியில்லாத பிளேன்டீயில் கலோரி இருக்கிறது என்று சொல்லவே முடியாது. அத்தனையும் அந்தக் கரண்டியில் இருந்து வந்தது.

அப்புறம் ரொட்டி. அம்மாவின் அளவு: அரைக் கிலோ கோதுமை மா, அரை மூடித் தேங்காய், ஐந்து ரொட்டி. மா 100 கிராமுக்கு ஏறத்தாழ 360 கலோரி. துருவிய தேங்காய் 150 கிராம் இருந்தது. 100 கிராமுக்கு 350 என்று வைத்தால் ரொட்டி ஒன்றுக்கு நூறுக்கு மேல். கல்லில் தடவும் எண்ணெயும் சேர ஒரு ரொட்டி 480. காலையில் இரண்டு சாப்பிடுவேன். சம்பலைச் சேர்க்காமலே 960.

எனக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டேன். 1990 இல் வந்த மிஃப்லின் சூத்திரம்: நிறையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25 ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். பெண் என்றால் மேலும் 161 கழிப்பது, ஆண் என்றால் 5 கூட்டுவது. 74 கிலோவுக்கு எனக்கு 1,358 வந்தது. சும்மா படுத்திருந்தாலே உடம்பு எரிக்கும் அளவு அது. நடமாட்டத்துக்கு 1.4 ஆல் பெருக்கினால் 1,900. அதில் 400 குறைத்து 1,500 என்று முடிவு செய்தேன்.

ரொட்டியை விடவில்லை. உருண்டையை 60 கிராம் மாவாக்கி, ஒன்று சாப்பிடுகிறேன். பக்கத்தில் ஒரு முட்டை, பருப்பு. சீனியை நாள் முழுவதுக்கும் மூன்று மட்டக் கரண்டியாக்கினேன். சோறு பகலில் உண்டு. தடை என்று ஒரு சாப்பாடும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது, அந்த விலையைக் கொப்பியில் எழுதுகிறேன்.

ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. பத்து மாதத்தில் எனக்கு இறங்கியதைக் கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 220 அளவில்தான் உண்மையில் குறைந்திருக்கிறது. 400 என்று திட்டம் போட்டாலும் கலியாண வீடு, திருவிழா, கை மறதி எல்லாம் அதில் பாதியைச் சாப்பிட்டுவிட்டன. உடம்பு சிறுக்கும்போது அதன் தேவையும் சிறுக்கிறது, 65.5 கிலோவில் எனக்கு 1,780 போதும். பாதிதான் நடந்தது என்றாலும் நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

---

பதுளை ரயில் · ஞாயிறு, இரவு 9.25

அக்கா, வாழ்த்துகள். ஆனால் தலைப்போடு எனக்கு உடன்பாடில்லை. நான் மாவும் சோறும் சீனியும் நிறுத்தி இரண்டு மாதத்தில் 6 கிலோ குறைத்தேன். ஒரு நாளும் எதையும் எண்ணவில்லை, தராசும் வாங்கவில்லை. முட்டை, மீன், கோழி, மரக்கறி, தேங்காய்ப்பால். பசித்தால் சாப்பிடுவேன். சாப்பாட்டின் வகையைச் சரிசெய்தால் அளவு தானாகச் சரியாகும். கொப்பி தூக்கிக்கொண்டு திரிவதை எப்படி எளிமை என்கிறீர்கள்?

---

கொட்டகலை மழை · ஞாயிறு, இரவு 9.58

தம்பி, உங்களுக்கு இறங்கியது பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அது ஏன் இறங்கியது என்பதில்தான் நாம் பிரிகிறோம்.

2018 இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாச்சத்துக் குறைவு, மறு பாதிக்குக் கொழுப்புக் குறைவு என்று ஒரு வருடம் பார்த்தார்கள். மாச்சத்துக் குறைத்தவர்களுக்குச் சராசரி 6.0 கிலோ, கொழுப்புக் குறைத்தவர்களுக்கு 5.3. ஆய்வாளர்கள் இதை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வழியிலும் மொத்தக் கலோரிதான் குறைந்தது.

முதல் இரண்டு கிழமையில் மளமளவென்று இறங்குவதில் ஒரு பங்கு தண்ணீர். உடம்பு மாச்சத்தைத் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரையும் பிடித்து வைக்கும். சோற்றை நிறுத்தினால் அந்தத் தண்ணீர் போய்விடும், சோறு திரும்பினால் திரும்பி வரும். நான் மூன்று கிழமை சோறில்லாமல் இருந்தபோது நடந்தது அதுதான். எனக்கு அப்போது அது தெரியாமல், ஒரு கிழமை சோறு சாப்பிட்டதில் இரண்டு கிலோ கொழுப்பு ஏறிவிட்டது என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

---

பதுளை ரயில் · ஞாயிறு, இரவு 10.20

தண்ணீர் விஷயம் சரி, ஏற்கிறேன். ஆனால் நீங்கள் ஆய்வு சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். 2019 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு கிழமை பக்கற் சாப்பாடு (தொழிற்சாலையில் மிகவும் பதப்படுத்தியது), இரண்டு கிழமை வீட்டுமுறைச் சாப்பாடு கொடுத்தார்கள். முன்னே வைத்த தட்டில் கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பக்கற் சாப்பாட்டில் நாளுக்கு 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள். அவர்கள் ஒருவரும் எண்ணவில்லை. சாப்பாட்டின் வகைதான் அவர்களை அதிகம் சாப்பிட வைத்தது. அப்படியென்றால் வகைதானே முதலில் வருகிறது?

---

கொட்டகலை மழை · ஞாயிறு, இரவு 10.41

நல்ல ஆய்வு, நல்ல கேள்வி. பிஸ்கட் பக்கற்றும் ரோல்ஸும் கையை நிறுத்தவிடாது என்பது உண்மை. முட்டையும் பருப்பும் என்னை மத்தியானம் வரை தாங்கும். அதனால்தான் 60 கிராம் ரொட்டிக்குப் பக்கத்தில் அவற்றை வைத்தேன். ஆனால் எனக்கு அதைக் கண்டுபிடித்துத் தந்தது கொப்பி. எதைச் சாப்பிட்ட நாளில் 1,500 க்குள் சமாளித்தேன், எதைச் சாப்பிட்ட நாளில் தாண்டினேன் என்று பின்னால் புரட்டிப் பார்த்தால் தெரிகிறது. வகையை முதலில் முடிவு செய்துவிட்டு நான் இறங்கியிருந்தால், அது பழையபடி பத்துச் சட்டமாகியிருக்கும்.

---

மஸ்கெலியா மடுவம் · திங்கள், காலை 5.55

முப்பது வருடம் தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்தவன் நான். எடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கும் உரிமை இருக்கிறது.

மழை நாளில் மடுவத்துக்கு, அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு, வரும் கொழுந்தைப் பாருங்கள். சாக்கு கொழுகொழுவென்று இருக்கும். தராசு முள் ஏறி நிற்கும். அது அவ்வளவும் இலை இல்லை, பாதி ஈரம். அதனால்தான் ஈரத்துக்கென்று கிலோ கழிப்பது. அந்தக் கழிவை அளவுக்கு மீறிப் போட்ட இடத்திலும் நான் வேலை செய்திருக்கிறேன். பிள்ளைகள் பறித்த இலையை என் கையால் குறைத்து எழுதியது இன்றும் மனதை அறுக்கிறது. அதை விடுங்கள். சொல்ல வந்தது, ஒரு நாள் முள்ளை வைத்து அந்த மலையில் எவ்வளவு இலை இருந்தது என்று சொல்ல முடியாது. பத்து நாள் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உடம்பும் அப்படித்தான். இரவு நெத்தலிக் கருவாடு சாப்பிட்டால் காலையில் முக்கால் கிலோ, ஒரு கிலோ கூடக் காட்டும். அது உப்புப் பிடித்து வைத்த தண்ணீர். என் மகள் அதைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் சாப்பிடாமல் இருந்தாள். நான் சொன்னேன், தினமும் காலையில் வெளிக்குப் போய்விட்டு வந்து நிறு, ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகு, அந்த ஒரு இலக்கத்தை மட்டும் சுவரில் எழுது. இந்தக் கிழமைச் சராசரி போன கிழமையை விட 200 கிராம் குறைந்தால் போதும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்குக் கிழமையில் தண்ணீர் ஏறும் என்பதால், அவர்கள் போன மாதத்தின் அதே கிழமையோடு ஒப்பிட வேண்டும்.

---

கொட்டகலை மழை · திங்கள், காலை 6.10

ஐயா, ஈரக் கழிவு என்று இதற்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டீர்கள். இனி நானும் அப்படித்தான் சொல்வேன்.

---

வார்ட் வெளிச்சம் · திங்கள், மாலை 4.30

நான் தாதியாக வேலை செய்கிறேன். கணக்கு வைக்கும் முறை எனக்குப் பிடிக்கும், நானும் செய்கிறேன். ஆனால் சிலர் இதை வாசித்த கையோடு நாளைக்கே பாதிச் சாப்பாடாக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் எழுதுகிறேன்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்கள், கிளிக்ளசைட் மாதிரிக் குளிசை போடுகிறவர்கள் கிளினிக்கில் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. மருந்து பழைய அளவில் இருக்க, சாப்பாடு மட்டும் குறைந்தால் இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுந்த நிலையில் கொண்டுவருகிறார்கள். மருந்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டியிருக்கும். அதை மருத்துவர் செய்வார். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் எடை குறைக்கும் கணக்கில் இறங்க வேண்டாம். வளரும் பிள்ளைகளும் வேண்டாம். முன்பு சாப்பாட்டை வெறுத்து மெலிந்து போன அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த எண்ணும் பழக்கமே நோயைத் திருப்பிக் கொண்டுவரலாம். நாளுக்கு 1,200 க்குக் கீழே தானாக ஒருவரும் போகாதீர்கள்.

இன்னொன்று, யாருக்குக் குறைக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. நிறையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், ஆசியர்களான நமக்கு 23 ஐத் தாண்டும்போதே கவனிக்க வேண்டும், 27.5 ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீற்றர். தையல் நாடா போதும். 35 வயதைக் கடந்தவர்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்குப் போனால் பிரஷர், சீனி, நிறை எல்லாம் இலவசமாகப் பார்த்துவிடுவார்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

---

எட்டாம் நம்பர் லயம் · திங்கள், இரவு 7.45

இதை எழுதலாமா என்று நேற்றிரவிலிருந்து யோசித்தேன்.

என் அம்மாவுக்கு 52 வயது, 41 கிலோ. காலையில் ஒரு ரொட்டி, சம்பல். கொழுந்து பறிக்க மலைக்குக் கொண்டு போவதும் ரொட்டிதான், துணியில் சுற்றி, பச்சை மிளகாய் இரண்டு வைத்து. தேத்தண்ணிக்குச் சீனியைக் கோப்பையில் போடமாட்டார், உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு நக்கிக் குடிப்பார். முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், போடும் வரை சரிவில் நிற்கிறார். 2016 இலங்கைக் குடித்தொகை சுகாதார ஆய்வில் தோட்டப்புறத்துப் பிள்ளைகளில், ஐந்து வயதுக்குக் கீழே, 31.7 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் 17.3. எங்கள் ஊரில் கலோரி குறைப்பது பற்றிப் பேசுவதைக் கேட்டால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆனால் அதே வீட்டில் என் தம்பி இருக்கிறான். நான்கு வருடம் கொழும்பில் கடையில் நின்றுவிட்டு வந்தான். 86 கிலோ. அம்மா சாப்பிடுவதில் மூன்று மடங்கு சாப்பிடுகிறான், நடப்பது பாதி கூட இல்லை. தாத்தா காலத்து ரொட்டி நாள் முழுவதும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவருக்காகத் தட்டியது. அதே ரொட்டியைத்தான் தட்டுகிறோம், வேலை மட்டும் மாறிவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே சட்டியில் எப்படிச் சமைப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

---

கொட்டகலை மழை · திங்கள், இரவு 8.30

தங்கச்சி, எழுதியதற்கு நன்றி. யோசித்திருக்கவே வேண்டாம். நான் முதலில் எழுதியபோது என் உடம்பை மட்டும் நினைத்து எழுதினேன்.

கணக்கு இரண்டு பக்கமும் போகும். உங்கள் அம்மா சாப்பிடுவதை மூன்று நாள் எழுதிப் பாருங்கள். மொத்தமும் போதாமல் இருக்கும், அதைவிடப் புரதம் மோசமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ரொட்டியும் சம்பலும் சீனியும் வயிற்றை மூடுகின்றன, தசைக்குப் போதிய சாமான் தருவதில்லை. ஒரு முட்டை 70 கலோரி, 6 கிராம் புரதம். பருப்பு வேகவைக்கும் முன் 100 கிராமில் 24 கிராம் அளவு புரதம். நெத்தலிக் கருவாட்டில் இன்னும் அதிகம். துணியில் சுற்றும் அந்த ரொட்டிக்குள் ஒரு முட்டையைப் பொரித்து வைத்துவிடுங்கள். பச்சை மிளகாயோடு அவர் சாப்பிட்டுவிடுவார்.

ஒரே சட்டிதான், அகப்பைதான் வேறு. கட்டிப்பால் விட்ட கறியும் தேங்காய்ச் சம்பலும் அம்மாவின் தட்டுக்கு. தம்பியின் தட்டில் பாதியை கோவாவும் போஞ்சியும் கரட்டும் பிடித்துக்கொள்ளட்டும். கோவா 100 கிராமுக்கு 25 கலோரி, போஞ்சி 31, கரட் 41. நம் மலையில் விளைகிற சாமான், எவ்வளவு போட்டாலும் கணக்கைக் கெடுக்காது. 41 கிலோ என்பதை மட்டும் ஒரு தரம் கிளினிக்கில் காட்டுங்கள். வார்ட் வெளிச்சம் என்ன சொல்கிறீர்கள்?

---

வார்ட் வெளிச்சம் · திங்கள், இரவு 9.05

கட்டாயம் காட்டுங்கள். இரத்தச் சோகை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சாப்பிட்ட உடனே தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேருவது குறையும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். மலையில் அது முடியாது என்பது தெரியும், வீட்டில் இருக்கும் நேரமாவது.

---

நல்லதண்ணிப் படிக்கட்டு · செவ்வாய், மாலை 3.15

சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். "சாப்பாட்டைக் குறைக்கத் தேவையில்லை, நாங்கள் மலையில் ஏறி இறங்குகிறவர்கள்" என்று என் வகுப்புப் பெற்றோர் சொல்வார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து கணக்குப் போட்டோம்.

சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை கிட்டத்தட்ட 1,000 மீற்றர் உயரம் ஏற வேண்டும். 70 கிலோ ஆளை 1,000 மீற்றர் தூக்க 70 ஐ 9.8 ஆலும் பிறகு 1,000 ஆலும் பெருக்கினால் 686,000 ஜூல், அதாவது சாப்பாட்டுக் கணக்கில் 164 கலோரி (கிலோகலோரி). உடம்பு எரிப்பதில் கால்வாசிதான் வேலையாக மாறுகிறது, மிச்சம் சூடாகப் போகிறது. ஆகவே நான்கால் பெருக்க, 650 அளவு. இரவு முழுவதும் ஏறியதில் உயரத்துக்கு மட்டும் ஆன செலவு இது. கொட்டகலை டீச்சர் சொன்ன பழைய ரொட்டி ஒன்றரைக்குக்கூட வராது. பிள்ளைகள் நம்பாமல் திரும்பத் திரும்பப் பெருக்கினார்கள்.

நடை வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரஷருக்கும் சீனிக்கும் தூக்கத்துக்கும் நடை மருந்து. இறங்கிய எடையைப் பிடித்து வைக்கவும் அது உதவும். ஆனால் கரண்டியில் செய்ய வேண்டிய வேலையைக் காலில் செய்வது மிகவும் கஷ்டம்.

சோறு நிறுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அரிசியாகவே நிறுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அரிசி வேக நேரம் எடுக்கும், ஒவ்வொரு வீட்டிலும் சோறு வேறு வேறு அளவு தண்ணீர் குடித்திருக்கும். பச்சையாக 100 கிராம் அரிசி 360 கலோரி என்பது எங்கேயும் மாறாது.

---

இரவு பஸ் · செவ்வாய், இரவு 11.50

நான் ஹட்டன் கொழும்பு பஸ் ஓட்டுகிறேன். 44 வயது, 91 கிலோ, உயரம் 170. உட்கார்ந்தே பத்து மணித்தியாலம். சாப்பாடு எல்லாம் கடையில், இரவில் கொத்து இல்லையென்றால் பராட்டா. கடையில் போய்த் தராசை வைக்க முடியுமா? வீட்டில் மனைவி கூட்டுக் குடும்பத்துக்குச் சமைக்கிறார், ஒன்பது பேர். அவரிடம் போய் எனக்குத் தனியாக நிறு என்று சொல்ல மனம் வரவில்லை. எனக்கு இது சரிவருமா? உண்மையாகத்தான் கேட்கிறேன், அப்பா சீனி வருத்தத்தில் கால் எடுத்து இறந்தவர்.

---

கொட்டகலை மழை · புதன், காலை 5.40

அண்ணே, சரிவரும். அப்பாவைப் பற்றி வாசித்தபோது கஷ்டமாக இருந்தது.

முதலில் உங்கள் எண். 910, அதோடு 1,062, கழிப்பது 220, கூட்டுவது 5. ஆக 1,757. உட்கார்ந்த வேலை என்பதால் 1.3 ஆல் மட்டும் பெருக்குங்கள்: 2,280. 1,850 என்று வைத்துக்கொள்ளலாம். அது பட்டினி இல்லை.

வீட்டுச் சட்டிக்கு நான் செய்வது: மரக்கறியை நிறுப்பதே இல்லை. எண்ணெய், தேங்காய்ப்பால் இரண்டை மட்டும் பார்ப்பேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, தேங்காய் எண்ணெயும் அதேதான். ஒன்பது பேர் கறிக்கு ஆறு கரண்டி விட்டால் 720, உங்கள் பங்கு 80. எத்தனை கரண்டி என்று அண்ணியிடம் ஒரு தரம் கேட்டால் போதும், அவருக்கு வேலை கூடாது. சோற்றை மட்டும் ஒரே கோப்பையால் அளந்து போடுங்கள். அந்தக் கோப்பையை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்து வைத்தால் வருடம் முழுவதும் செல்லும். வெந்த சோறு 100 கிராம் 130.

கடைச் சாப்பாட்டைக் கண்ணால்தான் மதிக்க வேண்டும், மதித்ததற்கு மேல் கால்வாசி கூட்டி எழுதுங்கள். எல்லோரும் குறைத்துத்தான் எழுதுகிறோம். என்ன செய்தும் எடை இறங்கவில்லை என்றவர்களை 1992 இல் அமெரிக்காவில் சோதித்தபோது, சாப்பிட்டதில் 47 வீதத்தை அவர்கள் எழுதவே இல்லை. பொய் சொன்னவர்கள் இல்லை, நினைவில் இல்லை. கொத்து ஒரு தட்டை 1,000 க்கு மேல் என்றே எழுதுங்கள். அது வேண்டும் என்ற இரவில் சாப்பிடுங்கள், பாதியைக் கட்டி வாங்குங்கள். கடையில் நிற்கும்போது சோடாவை மட்டும் விட்டுவிடுங்கள். 2016 இலிருந்து போத்தலில் சீனி அளவுக்கு நிற அடையாளம் போடுகிறார்கள், சிவப்பு என்றால் கை வைக்காதீர்கள்.

சீனிக்கு ஒரு தரம் இரத்தம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

---

வெலிமடைக் கிழங்கு · புதன், காலை 9.20

கணக்கு எல்லாம் சரி, மாமியாரை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? போகும் வீட்டில் எல்லாம் டின்பால் விட்ட தேத்தண்ணி, வேண்டாம் என்றால் கோபம். மெலிந்ததும் "ஏதும் வருத்தமா, புருஷன் சாப்பாடு போடுவதில்லையா" என்று கேட்கிறார்கள். எனக்கு எடை இறங்கியதைவிட இந்தப் பேச்சைத் தாங்கியதுதான் பெரிய காரியம்.

---

மஸ்கெலியா மடுவம் · புதன், மாலை 6.05

மகள், பழைய வழி இருக்கிறதே. "சாயம் மட்டும் தாங்க, சீனியைக் கையில் தாங்க" என்று கேளுங்கள். பெரியவர்கள் அப்படித்தான் குடித்தார்கள், யாரும் குறையாக எடுக்கமாட்டார்கள். உள்ளங்கையில் வைக்கிற சீனி ஒரு கோப்பைக்குப் போடுவதில் பாதி வராது. எட்டாம் நம்பர் லயத்துப் பிள்ளையின் அம்மா செய்வது அதுதான்.

---

பதுளை ரயில் · புதன், இரவு 9.30

அக்கா, உங்களை மறுப்பதற்காகவே ஒரு தராசு இரவல் வாங்கி நேற்றும் இன்றும் எழுதினேன். கடைசி ஆறு கிழமையாக எனக்கு இறக்கம் நின்றுவிட்டது என்பதை முதலில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். கட்டித் தேங்காய்ப்பால் நாளுக்கு ஒன்றரைக் கோப்பை போகிறது. 300 மில்லிலீற்றர், 600 கலோரிக்கு மேல். கொழுப்பு கிராமுக்கு 9 என்பது தெரியும், ஆனால் சோறு இல்லாததால் அது கணக்கில் வராது என்று நினைத்துவிட்டேன்.

சோறில்லாமல் இருப்பது எனக்கு இன்னும் சுலபம்தான், அதை மாற்றப் போவதில்லை. பாலை மட்டும் அளக்கிறேன்.

---

எட்டாம் நம்பர் லயம் · வியாழன், இரவு 7.10

முட்டை ரொட்டியை அம்மா மலையில் பக்கத்து நிரையில் நிற்கும் அக்காவுக்குப் பாதி கொடுத்துவிட்டாராம். நாளையிலிருந்து இரண்டு முட்டை வைக்கிறேன். சனிக்கிழமை கிளினிக்.

---

இரவு பஸ் · வியாழன், இரவு 11.35

இன்று எழுதியது. காலை 4.30 பிளேன்டீ, சீனி இரண்டு கரண்டி, 56. கித்துல்கலையில் பாணும் பருப்பும், 450 என்று மதித்து 560 போட்டேன். கொழும்பில் சோறு, மீன், கீரை, ஒரு கறி, 700, கூட்டி 875. திரும்பி வரும்போது பிளேன்டீ, சீனி ஒரு கரண்டி, 28. சோடா இல்லை. இதுவரை 1,519. இரவுச் சாப்பாட்டுக்கு 330 மிச்சம் இருக்கிறது. மனைவி சின்ன ரொட்டி ஒன்றும் முட்டையும் கோவாச் சுண்டலும் மூடி வைத்திருக்கிறார். ரொட்டியை நிறுத்தேன், 90 கிராம்.

டீச்சர், சுட்ட ரொட்டியை எப்படி எழுதுவது? மா எவ்வளவு என்று இப்போது தெரியாதே.

---

கொட்டகலை மழை · வியாழன், இரவு 11.41

சுட்டதற்குப் பிறகு நிறுத்தால் 100 கிராமுக்கு 330 என்று போட்டுக்கொள்ளுங்கள் அண்ணே, 90 க்கு ஏறக்குறைய 300. முட்டையோடு கொஞ்சம் தாண்டும். பரவாயில்லை, அப்படியே எழுதிவிட்டுச் சாப்பிடுங்கள்.